கையெழுத்து வாங்கிய பின்: பேராசிரியர் அலன் பெல்ஸின் வாழ்வும் நுகர்வோர் சட்டமும்

மீள்குடியேறிய மறுவருடம், 2011இல், நான் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். கம்பனிப் பொடியன் எங்கள் வளவுக்கே வந்தான். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்கள் கட்டாக இருந்தன. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தான். "இதில வையுங்கோ ஐயா, இதிலயும் ஒண்டு வையுங்கோ" என்றான். நான் ஒரு காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன். தாளை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே என்று மற்றவர்களுக்குச் சொன்னவன். ஆனாலும் அன்று வாசிக்காமல்தான் வைத்தேன்.

அடுத்த வருடம் மழை பிழைத்தது. இரண்டு தவணை பிந்தியதும் வந்து வாகனத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதுவரை கட்டிய காசுக்கு என்ன கணக்கு என்று கேட்டேன். "எல்லாம் நீங்கள் சைன் வைச்ச பேப்பரில இருக்கு" என்று பதில் வந்தது. கையெழுத்து வைத்துவிட்டால் கதை முடிந்தது என்றே நானும் நம்பினேன்.

அலன் பெல்ஸ் என்ற பெயரை நான் கேட்டது அதற்குச் சில வருடங்களின் பின்னர். மெல்பேர்ணில் படித்துக்கொண்டிருந்த என் மருமகன் ஒருநாள் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, இஞ்ச ஒரு வயசான பேராசிரியர், கடையளில சம்பளம் குடுக்காமல் ஏமாத்தினவையிட்ட இருந்து காசு வாங்கிக் குடுக்கிறார்." அந்தப் பேராசிரியர் யார் என்று தேடத் தொடங்கிய நான், நாற்பது ஆண்டுக்காலச் சட்ட வரலாறு ஒன்றைப் படித்து முடித்தேன். கையெழுத்து வாங்கிய பின்னரும் கேள்வி கேட்க இடம் உண்டு என்பதை அதிலிருந்துதான் அறிந்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

விலையைப் படித்தவர்

அலன் பெல்ஸ் 1942ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பிறந்தார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சட்டம், பொருளியல் இரண்டையும் படித்தார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வாளராக இருந்தார். பிரித்தானிய அரசு விலைகளையும் சம்பளங்களையும் கட்டுப்படுத்த அமைத்த சபையைப் பற்றி அங்கு அவர் எழுதிய நூல் 1972இல் வெளிவந்தது. நாடு திரும்பியவர் மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பேராசிரியராகி, அதன் முகாமைத்துவப் பட்டப்பின்படிப்புக் கல்லூரியின் பணிப்பாளராகவும் உயர்ந்தார்.

சட்டமும் பொருளியலும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது பின்னாளில் பெரிதும் உதவியது. ஒரு பொருளின் விலை ஏன் ஏறுகிறது என்பது பொருளியல் கேள்வி. அப்படி ஏற்றுவதற்கு அந்த வியாபாரிக்கு உரிமை உண்டா என்பது சட்டக் கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் போட்டிச் சட்டம் என்றால் என்ன என்பது விளங்கும்.

எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் சங்கக் கடையில் நின்றவன். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கும் என்ன விலை போனது என்பது அந்தக் காலத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தார் அதை இன்னொருமுறை அனுபவித்தார்கள். பாதை பூட்டியிருந்தால் சாமானை வைத்திருப்பவன் சொன்னதுதான் விலை. பாதை திறந்து பத்து லொறி வந்தால் அதே ஆள் விலையைக் குறைப்பான். எங்களுக்குப் பாதையைப் பூட்டியது யுத்தம். யுத்தம் இல்லாத நாடுகளிலும் பாதையைப் பூட்டலாம். அங்கே அதைச் செய்பவர்கள் கம்பனிகள். சில வேளை சட்டமே அதற்குத் துணைபோகும்.

புத்தகமும் இறுவட்டும்

1989இல் பெல்ஸ் அவுஸ்திரேலியாவின் விலைக் கண்காணிப்பு அதிகாரசபையின் தலைவரானார். அவர் முதலில் கைவைத்த விடயங்களில் ஒன்று புத்தக விலை. ஆங்கில நூல்கள் அவுஸ்திரேலியாவுக்குப் பிந்தி வந்தன, கூடிய விலைக்கு விற்றன. பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்த நாட்டுக்கான உரிமையை வைத்திருக்கும் பதிப்பகம் மட்டுமே நூலை இறக்குமதி செய்யலாம் என்பதே காரணம். அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கும் அதே நூலை ஒரு கடைக்காரர் கொண்டுவந்து விற்க முடியாது.

விலையைக் குறை என்று உத்தரவு போடுவதைவிட, பூட்டிய வாசலைத் திறந்துவிடுவது நல்லது என்பதே அந்த விசாரணையின் சாரம். 1991இல் சட்டம் ஓரளவு திருத்தப்பட்டது. ஒரு நூல் வெளியாகி 30 நாட்களுக்குள் அவுஸ்திரேலியாவில் வெளியிடப்படாவிட்டால், வேறு எவரும் அதை இறக்குமதி செய்யலாம் என்றானது.

அடுத்தது இசை இறுவட்டு. 1990இல் அதிகாரசபை இதே பரிந்துரையைச் செய்தது. இசைக் கம்பனிகள் எதிர்த்தன, பிரபல பாடகர்களும் எதிர்த்தார்கள். ஒரு அரசாங்கம் போய் இன்னொரு அரசாங்கம் வந்து, 1998இல்தான் சட்டம் மாறியது. எட்டு வருடம். ஒரு அறிக்கையை எழுதி மேசையில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது என்பதற்கு இது உதாரணம்.

வூஜல் வூஜலில் வாங்கிய கையெழுத்து

1991இல் பெல்ஸ் வர்த்தக நடைமுறைகள் ஆணைக்குழுவின் தலைமையையும் ஏற்றார். 1974ஆம் ஆண்டின் வர்த்தக நடைமுறைகள் சட்டத்தை அமுலாக்குவது அதன் பொறுப்பு. அந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மிகச் சிறியது. வர்த்தகத்தில் ஈடுபடும் கம்பனி, பிறரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில், அல்லது அப்படி ஏமாற்றக்கூடிய நடத்தையில் ஈடுபடக்கூடாது என்று அது சொன்னது.

இந்தப் பிரிவில் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம் வியாபாரிக்கு இருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை, நடத்தையே போதும். இரண்டு, கையெழுத்து வைத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு விசாரணை நின்றுவிடுவதில்லை. கையெழுத்து வாங்கும்போது என்ன சொல்லப்பட்டது, யாரிடம் சொல்லப்பட்டது என்பதும் கேட்கப்படும்.

பெல்ஸ் தலைமையேற்ற தொடக்கத்தில் இந்தப் பிரிவைச் சோதித்த விவகாரம் குயின்ஸ்லாந்தின் வடகோடியிலிருந்து வந்தது. அங்கே வூஜல் வூஜல் போன்ற ஆதிக்குடிகளின் ஒதுக்குப்புறச் சமூகங்களுக்குக் காப்புறுதி முகவர்கள் போயிருந்தார்கள். ஆங்கிலம் அந்த மக்களின் வீட்டு மொழி அல்ல. அதிகாரத் தோரணையோடு வரும் வெள்ளைக்காரர் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள். வறுமையில் வாழ்ந்த அந்த மக்களுக்குப் பயன்படாத காப்புறுதித் திட்டங்கள், உண்மைக்கு மாறான விளக்கத்தோடு விற்கப்பட்டன. தவணைப் பணம் கைக்கு வருமுன்னரே கழிக்கப்பட்டது.

ஆணைக்குழு விசாரித்த பெரிய கம்பனிகளில் கொலோனியல் மியூச்சுவல் ஒன்று. அந்த நேரம் ஆணைக்குழுவின் பகுதிநேர ஆணையாளராக இருந்த குற்றவியல் அறிஞர் ஜோன் பிரெய்த்வெயிட் இந்த விவகாரத்தைப் பின்னர் எழுதி வைத்திருக்கிறார். கம்பனியின் உயர் முகாமையாளர்களே வூஜல் வூஜலுக்குப் போனார்கள். ஏமாற்றப்பட்ட மக்கள் வாழ்ந்த அதே நிலையில் சில நாட்கள் தங்கினார்கள். சீமெந்துத் தரையில் மெத்தை, தகரப் பேணிச் சாப்பாடு. தங்கள் கம்பனி யாரிடம் காசு வாங்கியது என்பதை நேரில் கண்டார்கள்.

அதன் விளைவு கனமானது. ஏறத்தாழ 2,000 பேருக்குக் கம்பனி இழப்பீடு கொடுத்தது. ஆதிக்குடிகளுக்கான நுகர்வோர் கல்வி நிதியம் ஒன்றுக்கும் பணம் கொடுத்தது. தன் உள்வீட்டு விசாரணையின் முடிவில் சுமார் 80 உத்தியோகத்தர்களையும் முகவர்களையும் வேலையிலிருந்து நீக்கியது.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சீமெந்துத் தரையும் பேணிச் சாப்பாடும் எங்களுக்குப் புதிதல்ல. மெனிக் பாமில் இருந்து வந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டுமா? கொழும்பில் இருந்து எங்கள் ஊருக்குக் கடன் கொடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள். அந்தக் கடன் எங்களை என்ன செய்தது என்று பார்க்க, கடன் கொடுத்த இடத்தின் தலைவர் ஒருவரும் எங்கள் கிராமத்தில் ஒரு இரவுகூடத் தங்கியதை நான் காணவில்லை.

ஒரு கதவுக்குள் இரண்டு சட்டங்கள்

1992இல் நிறைவேறிய திருத்தங்களின் பின் கம்பனிகளுக்கான உச்சத் தண்டப்பணம் 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலரிலிருந்து 10 மில்லியன் டொலராக உயர்ந்தது. பழைய தொகையைப் பெரிய கம்பனிகள் தொழிற்செலவாகவே கணக்கில் போட்டுவிடலாம். புதிய தொகையை அப்படிப் போட முடியாது. கம்பனிகள் ஒன்றையொன்று வாங்கும்போதும் சட்டம் இறுகியது. சந்தையில் போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் கொள்வனவு தடைசெய்யப்பட்டது.

1995 நவம்பரில் விலைக் கண்காணிப்பு அதிகாரசபையும் வர்த்தக நடைமுறைகள் ஆணைக்குழுவும் ஒன்றாக்கப்பட்டன. அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு பிறந்தது. அதன் முதல் தலைவர் பெல்ஸ். 2003 நடுப்பகுதிவரை அந்தப் பதவியில் இருந்தார்.

போட்டிச் சட்டத்தையும் நுகர்வோர் சட்டத்தையும் ஒரே அலுவலகம் பார்ப்பதில் பெரிய நன்மை உண்டு. போட்டிச் சட்டம், கம்பனிகள் தங்களுக்குள் கதைத்து விலை தீர்மானிப்பதைத் தடுக்கிறது. நுகர்வோர் சட்டம், கம்பனி வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதைத் தடுக்கிறது. வாங்குபவருக்கு இரண்டும் தேவை. நான்கு கடை இருந்தும் நான்கும் பொய் சொன்னால் பயனில்லை. உண்மை சொல்லும் கடை ஒன்றுதான் உண்டு, அதுவும் கழுத்தை நெரிக்கும் விலை சொல்கிறது என்றாலும் பயனில்லை.

கம்பனிகள் மறைவாக ஒன்றுகூடி விலை பேசுவதை அங்கே கார்ட்டல் என்கிறார்கள். 1995இல் குயின்ஸ்லாந்தில் கொங்கிரீட் கலவை விற்ற மூன்று பெரிய கம்பனிகள் இவ்வாறு பிடிபட்டன. தண்டப்பணம் ஏறத்தாழ 20 மில்லியன் டொலர். 2001இல் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் விற்றமின்களின் விலையைக் கூடிப் பேசியதற்காக மூன்று பன்னாட்டுக் கம்பனிகளின் அவுஸ்திரேலியக் கிளைகளுக்கு மொத்தம் 26 மில்லியன் டொலர் விதிக்கப்பட்டது. தீவனத்தில் ஏறிய விலை கோழியிலும் முட்டையிலும் வந்து முடியும். வீட்டில் முட்டை வாங்குபவருக்கு அந்தக் கூட்டம் நடந்ததே தெரியாது. தெரியாதவருக்காகக் கேட்பதற்குத்தான் ஆணைக்குழு.

தண்டப்பணம் மட்டும் போதாது, கார்ட்டல் நடத்தும் முகாமையாளருக்குச் சிறை வேண்டும் என்று பெல்ஸ் வாதாடினார். அவர் பதவியை விட்டுப் போன பின்னரே, 2009இல், அது சட்டமானது.

புதிய வரி வந்த வருடம்

2000 ஜூலை 1ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் 10 வீதப் பொருட்கள் சேவைகள் வரி வந்தது. அதுவரை இருந்த மொத்த விற்பனை வரி நீங்கியது. பல பொருட்களுக்கு அந்தப் பழைய வரி 22 வீதமாக இருந்தது. ஆகவே சில பொருட்களின் விலை ஏறவேண்டும், சிலவற்றின் விலை இறங்கவேண்டும். ஆனால் வியாபாரிகள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வரியைக் காட்டிவிடலாம்.

இதைத் தடுக்க மூன்று ஆண்டுகளுக்கு ஆணைக்குழுவுக்கு விசேட அதிகாரம் கொடுக்கப்பட்டது. வரியைச் சாட்டாக வைத்துச் சுரண்டும் கம்பனிக்கு 10 மில்லியன் டொலர் வரை தண்டப்பணம் விதிக்கலாம். பெல்ஸ் தினமும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றினார். எந்தச் சாமானுக்கு எவ்வளவு ஏறலாம், எதற்கு இறங்கவேண்டும் என்று மக்களுக்குச் சொன்னார். அவரது பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது அப்போதுதான்.

எங்கள் நாட்டில் 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. எங்கள் சந்திக் கடையில் நான் வாங்கிய சாமான்களில் எதன் விலை எவ்வளவு ஏறவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரத் தம்பிக்கும் யாரும் சொல்லவில்லை. "எல்லாம் ஏறிட்டுது அண்ணை" என்றான். அவன் பொய் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கும் மேலே இருந்து வந்த விலை அதுதான்.

அவர்மீது வந்த கண்டனங்கள்

பெல்ஸை எல்லோரும் புகழவில்லை. விசாரணை முடியுமுன்னரே ஊடகங்களில் பேசி, கம்பனிகளின் பெயரைக் கெடுக்கிறார் என்று வர்த்தக சமூகம் குற்றம் சாட்டியது. 2002இல் ஆணைக்குழு பெரிய எண்ணெய்க் கம்பனிகளின் அலுவலகங்களைச் சோதனையிட்டது. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ஆனால் அதிலிருந்து வழக்கு எதுவும் வரவில்லை. சட்டத்தை மீளாய்வு செய்த டோசன் குழு 2003இல் வெளியான அறிக்கையில், ஆணைக்குழு ஊடகங்களைப் பயன்படுத்துவதற்கு ஒழுக்கக்கோவை வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. விசாரிக்கும் அதிகாரமும் கூட்டத்தின் முன் பேசும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் குற்றமில்லாதவனும் அடிபடலாம். விசாரணைக்கு முன்பே பெயர் கெடுவது என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியாததா? அதேவேளை, வறியவர்களுக்காக இயங்கும் ஒரு அலுவலகம் வாய் திறக்காமல் இருந்தால், அப்படியொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவராது. இரண்டுக்கும் நடுவே நடப்பது கடினம். பெல்ஸ் பேசும் பக்கமாகவே சாய்ந்து நடந்தார்.

பீடாதிபதி, தந்தை

2003இல் அவர் கல்வி உலகுக்குத் திரும்பினார். அவுஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, அரச உயர் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க ஒரு கல்லூரியை அமைத்திருந்தன. அதன் முதல் பீடாதிபதியாகி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நடத்தினார். கட்டுப்பாட்டு அமைப்பை நடத்திய ஒருவர், அடுத்த தலைமுறை அதிகாரிகளுக்குத் தன் அனுபவத்தைக் கற்பிக்கும் இடம் அது.

அவரது வாழ்வில் இன்னொரு பக்கமும் உண்டு. அவரது மகள்களில் ஒருவர் மனச்சிதைவு நோயுடன் வாழ்பவர். 2002இல், பதவியின் உச்சத்தில் இருந்தபோதே, பெல்ஸும் மனைவியும் தேசியத் தொலைக்காட்சியில் அதை வெளிப்படையாகப் பேசினார்கள். நீண்டகால மனநோய் உள்ளவர்களுக்குப் பராமரிப்போடு கூடிய வீடுகள் அமைக்கும் முயற்சியில் அவர் இறங்கினார். 2012இல் தேசிய மனநல ஆணைக்குழுவின் தலைவரானார். பின்னர் விக்டோரியா மாநில மனநல அமைப்பை ஆராய்ந்த அரச விசாரணை ஆணைக்குழுவிலும் ஆணையாளராக இருந்தார்.

பிள்ளையின் மனநோயை அயலுக்குத் தெரியாமல் மறைக்கும் வீடுகள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. யுத்தத்தின் பின் அவை கூடியிருக்கின்றன. நாட்டின் பெரிய கம்பனிகளோடு மோதிய ஒரு மனிதர், தன் வீட்டுக்குள்ளிருந்த வலியையும் அதே துணிவோடு வெளியே வைத்தார் என்பதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இரவுக் கடைகளின் மாணவர்கள்

என் மருமகன் சொன்ன கதைக்கு வருகிறேன். 2015இல் அவுஸ்திரேலிய ஊடகங்கள், செவன் இலெவன் சங்கிலிக் கடைகளில் வேலை செய்த வெளிநாட்டு மாணவர்களின் சம்பளம் பெருமளவில் கொள்ளையடிக்கப்பட்டதை வெளிப்படுத்தின. மாணவர் விசாவில் வந்தவர் இரு வாரங்களுக்கு 40 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது அப்போதைய விதி. அதைவிடக் கூட வேலை வாங்கி, பாதி நேரத்தை மட்டும் எழுதுவார்கள். கேட்டால் விசா விதியை மீறிவிட்டாய் என்று குடிவரவுத் திணைக்களத்தைக் காட்டி வெருட்டுவார்கள்.

இழந்த சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க அந்தக் கம்பனி பெல்ஸின் தலைமையில் ஒரு சுயாதீனக் குழுவை அமைத்தது. பெயரை இரகசியமாக வைத்து முறைப்பாடு செய்யலாம் என்றானதும் மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். 2016 மே மாதம் கம்பனி அந்தக் குழுவை முடிவுறுத்தி, வேலையைத் தன் உள்ளகப் பிரிவிடம் எடுத்துக்கொண்டது. ஆனால் திறந்த கதவை மூட முடியவில்லை. இறுதியில் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 150 மில்லியன் டொலருக்கு மேல் போனது. அதே வருடம் அரசு அமைத்த புலம்பெயர் தொழிலாளர் செயலணிக்கும் பெல்ஸ் தலைவரானார். அதன் அறிக்கை 2019இல் 22 பரிந்துரைகளோடு வெளிவந்தது.

என் மருமகன் வேலை செய்தது வேறொரு கடையில். அங்கேயும் இதே கதைதான். "நீ போய்ச் சொல்லனடா" என்று நான் சொன்னேன். "விசா போனால் அம்மாவின்ர கடனை ஆர் கட்டுறது மாமா?" என்று கேட்டான். அவன் கடைசிவரை முறைப்பாடு செய்யவில்லை. சட்டம் இருந்தது, தொலைபேசி இலக்கம் இருந்தது, பயமும் இருந்தது. பயத்தைக் குறைக்கும் வழியைச் சேர்த்துக் கொடுக்காத சட்டம் பாதிச் சட்டம்தான் என்பதை அவனிடமிருந்து படித்தேன்.

பெல்ஸ் இன்னும் ஓயவில்லை. 2024 பெப்ரவரியில், 82 வயதில், தொழிற்சங்கங்களின் வேண்டுகோளில் விலைச் சுரண்டல் பற்றி நடத்திய விசாரணையின் அறிக்கையை வெளியிட்டார்.

எங்கள் சட்டப் புத்தகத்தில் இருப்பது

இவ்வளவும் அவுஸ்திரேலியாவின் கதை. எங்களுக்கு இப்படியொரு சட்டம் இல்லையே என்று நினைத்துத்தான் இலங்கைச் சட்டத்தைத் தேடினேன். எனக்கு அங்கே ஆச்சரியம் காத்திருந்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும், அல்லது அப்படி ஏமாற்றக்கூடிய எந்த நடத்தையிலும் வியாபாரி ஈடுபடக்கூடாது என்கிறது. அவுஸ்திரேலியாவின் 52ஆம் பிரிவின் சொற்களேதான் ஏறக்குறைய. 31ஆம் பிரிவு பொருள் பற்றியும் சேவை பற்றியும் பொய்யான விபரம் கொடுப்பதைத் தடுக்கிறது. 32ஆம் பிரிவு, கடைக்காரர் வாயால் சொல்லாவிட்டாலும் பொருள் பயன்பாட்டுக்கு உகந்ததாக இருக்கவேண்டும் என்ற உத்தரவாதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். தரமில்லாத பொருளோ சேவையோ என்றால், வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். அதிகாரசபையின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977.

குறையும் உண்டு. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் கம்பனிகளின் இணைப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருந்தது. 2003 சட்டம் அதை நீக்கியபோது அந்த ஏற்பாடும் போய்விட்டது. பெரிய கம்பனி சின்னக் கம்பனியை வாங்கிச் சந்தையைத் தன் கைக்குள் எடுப்பதைத் தடுக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. மிஞ்சியது ஆகக்கூடிய சில்லறை விலை. 2021இல் அரிசிக்கு அப்படி விலை விதித்தார்கள், பின்பு நீக்கினார்கள். நெல் விதைத்தவனுக்கும் இலாபமில்லை, சோறு தின்றவனுக்கும் இலாபமில்லை. நடுவில் களஞ்சியத்தை வைத்திருந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நுண்கடன், லீசிங் விவகாரங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டமும், மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. ஆக, தாளில் எங்களுக்குச் சட்டம் குறைவில்லை. வூஜல் வூஜலுக்குப் போன சட்டம் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை என்பதுதான் வித்தியாசம். அங்கே அதைக் கொண்டுபோக ஒரு அலுவலகம் இருந்தது, அந்த அலுவலகத்தின் தலைவருக்கு அது தன் வேலை என்ற எண்ணம் இருந்தது.

பெல்ஸ் போன்ற ஒருவர் எங்களுக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் மாதர் சங்கத்தில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கடன் தாளோ லீசிங் தாளோ வந்தால் அன்றே கையெழுத்து வைப்பதில்லை. தமிழ்ப் பிரதி கேட்கிறோம். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சங்கத்தில் நாலு பேர் முன்னிலையில் நான் வாசித்துக் காட்டுகிறேன். முகவர் வாயால் சொன்னதைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுகிறோம். ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டை வாங்கிப் பைக்குள் போடுகிறோம்.

போன மாதம் ஒரு முகவர் வந்தார். பொன்னம்மா அக்காவிடம் தாளை நீட்டி, புள்ளடி போட்ட இடத்தைக் காட்டினார். அக்கா தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகினார். "தம்பி, இதை முதல் சங்கத்தில வாசிக்கவேணும். நாளையிண்டைக்கு வாங்கோ" என்றார். அவர் திரும்பி வரவேயில்லை. எங்களுக்கு அதுவே ஒரு பதிலாக இருந்தது.